காற்றை வென்ற பூஞ்சோலை

ஒரு செடியை நடுதல் எளிது. அதனை வாழச் செய்தல் அரிது. குழி தோண்டவும், வேரைப் புதைக்கவும், நீர் ஊற்றவும் எவரும் அறிவர். ஆயின், அச்செடி எந்நிலத்தில் பிறந்தது, எக்காற்றில் வளர்ந்தது, அதன் வேர் எதனை நாடும், அதன் இலை எதற்கு அஞ்சும் என்பவற்றை ஆராய்ந்து, அவற்றிற்கேற்ப இடத்தைச் செம்மை செய்பவரே தோட்டக்கலையில் வல்லவர் ஆவார். நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்தனர். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய மரம் இது, மலர் இது என்றும் வகுத்தனர். மலைக்கு உரியது குறிஞ்சி. கடற்கரைக்கு உரியது நெய்தல். ஒரு நிலத்திற்குரிய செடி மற்றொரு நிலத்தில் எளிதில் வாழாது என்பது உழவர்தம் பட்டறிவு. இவ்வியற்கையை நன்கு உணர்ந்து, அதனோடு போரிடாமல் இணங்கி நின்று, மலைநிலத்து மலர் ஒன்றைக் குளிர்ந்த கடற்கரையில் பூக்கச் செய்த ஒருவரின் வரலாறு நாம் அறியத்தக்கது.

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்குக் கரையில், பூல்யூ என்னும் சிற்றூரை அடுத்து, இன்வெர்யூ என்ற தோட்டம் உள்ளது. கடல்நீர் நிலத்தினுள் நீண்டு புகுந்து அமைந்த ஒரு கழியின் கரையில் அது விளங்குகிறது. அவ்விடம் வட அகலக்கோடு 57.8 பாகையில் இருக்கிறது. உருசிய நாட்டின் தலைநகராகிய மாஸ்கோவைக் காட்டிலும் வடக்கே உள்ளது. கோடையின் நடுவில் அங்குப் பகல் 18 மணி நேரம் நீடிக்கும். குளிர்காலத்தின் நடுவிலோ கதிரவன் ஆறு, ஏழு மணி நேரமே முகம் காட்டுவான். அத்தகைய இடத்தில், இமயமலைச் சாரலிலும் சீனத்து மலைகளிலும் பிறந்த ரோடோடென்ட்ரன் மரங்கள் அடர்ந்து வளர்ந்து நிற்கின்றன. இளவேனில் வந்ததும் அவை சிவப்பும், வெண்மையும், மஞ்சளும், ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்துக் குலுங்குகின்றன. இது எவ்வாறு இயன்றது? இவ்வினாவிற்கு விடை காணுமுன், அம்மலர் மரத்தின் இயல்பை நாம் அறிதல் வேண்டும்.

ரோடோடென்ட்ரன் என்பது கிரேக்க மொழிச் சொல். ரோடான் என்பது ரோசா மலரையும், டென்ட்ரான் என்பது மரத்தையும் குறிக்கும். ஆகவே, ரோசா மரம் என்பது இதன் பொருளாகும். எனினும், ரோசாவிற்கும் இதற்கும் உறவில்லை. இப்பேரினத்தில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உள்ளன. தரையோடு தரையாகப் படரும் சிறு புதர்களும் இதில் உண்டு. நூறடியை எட்டும் பெருமரங்களும் உண்டு. இமயமலை, பர்மா, தென்மேற்குச் சீனம் ஆகிய பகுதிகளே இவற்றின் சிறந்த உறைவிடம். 1848ஆம் ஆண்டு முதல் 1850ஆம் ஆண்டு வரையில் சிக்கிம் மலைகளில் அலைந்து திரிந்த ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர், அங்குக் கண்ட பல இனங்களின் விதைகளை இங்கிலாந்திற்கு அனுப்பினார். அவற்றைப் பற்றி அழகிய ஓவியங்களுடன் ஒரு நூலும் வெளியிட்டார். அதன் பின்னர், இம்மலரை வளர்க்கும் வேட்கை அந்நாட்டுத் தோட்டக்காரரிடையே பெருகிற்று.

இம்மரம் நமக்கும் அயலானது அன்று. இமயத்தில் செம்மலர் பூக்கும் ஓர் இனத்தின் கிளையினம் ஒன்று, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சமவெளியைக் கடந்து, நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் தனித்து வாழ்கிறது. இதனைக் காட்டுப் பூவரசு என்பர். உதகைக்குச் செல்வோர், புல்வெளியின் நடுவிலும் சோலைக் காட்டின் ஓரத்திலும் தடித்த பட்டையுடன் முறுக்குண்டு நிற்கும் இம்மரத்தைக் காணலாம். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு கிளையினம் இலங்கையின் மலைநாட்டில் உள்ளது. வெப்பம் மிகுந்த சமவெளியில் ஓரிடத்திலும் இயற்கையாக வளராத இம்மரம், குளிர்ந்த மலையுச்சிகளில் மட்டும் வாழ்வதைக் கொண்டே, இதன் விருப்பம் யாது என்பதை நாம் உய்த்துணரலாம்.

குளிர்ந்த காற்று, ஈரம் பொருந்திய மண், முகில் தவழும் சூழல் ஆகியவற்றையே ரோடோடென்ட்ரன் நாடும். இதன் வேர்கள் ஆழமாகச் செல்பவை அல்ல. தலைமயிர் போன்ற நுண்ணிய வேர்கள் பின்னிப் பிணைந்து, மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே பரவும். பிற செடிகளுக்கு உள்ளவை போன்ற வேர்த்தூவிகள் இதற்கு இல்லை. அவற்றிற்கு மாறாக, நுண்ணிய பூஞ்சை இனம் ஒன்று இதன் வேரினுள் குடிகொண்டு, மக்கிய இலைகளிலிருந்து சத்தைப் பிரித்து இதற்கு ஊட்டுகிறது. மரமும் அதற்குக் கைம்மாறாக, தான் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பகுதியை அப்பூஞ்சைக்கு அளிக்கிறது. ஆகவே, மண் புளிப்புத் தன்மை உடையதாகவும், இலைமக்கு நிறைந்ததாகவும், காற்றோட்டம் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். மண்ணின் புளிப்பை அளக்க அறிஞர் வகுத்த பி.எச். என்னும் அளவையில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ரோடோடென்ட்ரனுக்கு 4.5 முதல் 6 வரை உள்ள மண் ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இதனை நட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் அதனை வேரால் ஏற்க இயலாது. இரும்பு கிட்டாத இலையில் பச்சையம் உண்டாகாது. நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்க, இலையின் ஏனைய பகுதி மஞ்சள் நிறம் அடையும். மரம் நாளடைவில் நலிந்து மடியும். செல்வம் நிறைந்த வீட்டில் ஒருவன் பட்டினி கிடப்பதை ஒப்பது இது.

இனி, இன்வெர்யூவின் வரலாற்றிற்கு வருவோம். 1842ஆம் ஆண்டில் பிறந்த ஓஸ்குட் மெக்கன்சி என்பவர், கேர்லாக் பகுதியில் பெருநிலம் உடைய ஒரு குடும்பத்தின் இளைய மகன். குடும்பத்தின் பெருநிலம் மூத்தவருக்கு உரியதாயிற்று. இளையவருக்கென 1862ஆம் ஆண்டில் அவர்தம் அன்னையார் இன்வெர்யூ நிலத்தை வாங்கித் தந்தார். அப்போது ஓஸ்குட்டிற்கு வயது இருபது. அவர் வீடு கட்டத் தேர்ந்த இடம், கடற்கழியினுள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு தீவக்குறை. உயர்ந்த கட்டி என்னும் பொருள்படும் பெயரால் அவ்வூர் மக்கள் தம் கேலிக் மொழியில் அதனை வழங்கினர். பெயருக்கேற்ப அது வெறும் பாறை மேடாகவே இருந்தது. செந்நிற மணற்பாறையின் மேல் பீட் எனப்படும் கரிய சதுப்பு மண் மெல்லிய போர்வைபோல் படிந்திருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை. ஹெதர் முதலிய குறும்புதர்கள் பாறையோடு ஒட்டிக் கிடந்தன. மரம் என்று சொல்லத்தக்கவை அங்கு இரண்டே. அவையும் மூன்றடி உயரமே இருந்த குட்டை வில்லோச் செடிகள். இவ்விடத்தில் சோலை அமைக்கப் போவதாக ஓர் இளைஞர் கூறினால், கேட்டவர் நகைத்திருப்பின் அது வியப்பன்று.

ஆயினும், அவ்விடத்திற்கு ஒரு பெருந்துணை இருந்தது. அத்துணை கடலே ஆகும். நீர் மெல்லச் சூடேறும், மெல்லவே குளிரும். எனவே, கடலை ஒட்டிய நிலத்தில் கோடையின் வெப்பமும் குளிர்காலத்தின் குளிரும் மிகையாவதில்லை. அன்றியும், அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பமான பகுதியிலிருந்து ஒரு நீரோட்டம் வடகிழக்கே சென்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அணைகிறது. அதே அகலக்கோட்டில் உள்ள கனடாவின் லாப்ரடார் கரை குளிர்காலத்தில் உறைந்து கிடக்க, இன்வெர்யூவில் பனி விழுந்தாலும் நெடுநாள் தங்குவதில்லை. மழையும் அங்குக் குறைவில்லாது பெய்கிறது. கோடையும் குளிர்ந்தே இருத்தலால், மேலோடிய நுண்வேர்கள் வெயிலில் காய்வதில்லை. பீட் மண்ணோ இயல்பிலேயே புளிப்புடையது, சுண்ணாம்பு அற்றது. குளிர்ச்சி, ஈரம், புளிப்பு மண் ஆகிய மூன்றும் அங்கு முன்னரே அமைந்திருந்தன. மலைமகளுக்கு வேண்டிய சீர்வரிசையில் பெரும்பகுதியைக் கடலே கொண்டு வந்து வைத்திருந்தது எனலாம்.

ஆனால், துணையாய் நின்ற அக்கடலே பகையாகவும் இருந்தது. தென்மேற்கிலிருந்து புயற்காற்று தடையின்றி வந்து அம்மேட்டைத் தாக்கும். அலைகளின் உச்சியிலிருந்து உப்புத் துளிகளை வாரி, நிலத்தின்மேல் வீசும். அகன்ற இலைகளை உடைய ரோடோடென்ட்ரன் இதனைத் தாங்காது. காற்றுப் பாய்ந்த இலை கிழியும். இலையின்மேல் உப்புப் படிந்தால், அது செல்களிலுள்ள நீரை வெளியே ஈர்க்கும். இலையின் விளிம்பு தீய்ந்தாற்போல் கருகும். மழையோடு கலந்து வரும் காற்றாயின் அவ்வுப்புக் கழுவப்படும். வறண்ட புயல் வீசின் உப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே, அத்தீவக்குறையில் செடியைக் கொல்வது குளிரினும் காற்றே என்பதை ஓஸ்குட் உணர்ந்தார். மலரை நடுவதற்கு முன் அரண் எழுப்ப வேண்டும் என்று துணிந்தார்.

அரண் என்றதும் கற்சுவர் நம் நினைவிற்கு வரும். ஆனால், காற்றுக்குக் கற்சுவர் முழுமையான தடை ஆகாது. சுவரில் மோதிய காற்று மேலெழும்பித் தாண்டி, மறுபுறத்தில் சுழன்று கீழிறங்கும். அச்சுழற்சி சில வேளைகளில் நேர்க்காற்றினும் மிகுந்த கேடு செய்யும். மரவேலியின் செயல் வேறு. இலைகளும் கிளைகளும் காற்றில் ஒரு பகுதியை உள்ளே விட்டு, அதன் விசையை மட்டும் குறைக்கும். உப்புத் துளிகளையும் வடிகட்டும். அத்தகைய வேலி, தன் உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தொலைவு வரையில் காப்பளிக்க வல்லது. ஆகவே, ஓஸ்குட் மெக்கன்சி முதற்கண் முயலும் மானும் புகாதவாறு வேலி அமைத்தார். பின்னர், காற்றுக்கும் உப்பிற்கும் தளராத ஸ்காட்லாந்துப் பைன் மரங்களையும் கார்சிகப் பைன் மரங்களையும் கடலை நோக்கிய பக்கத்தில் வரிசை வரிசையாக நட்டார்.

நட்டவுடன் பயன் கிட்டியதோ? இல்லை. முதல் நான்கைந்து ஆண்டுகள் அக்கன்றுகள் வளர்ந்தன என்று சொல்லவும் இயலாத நிலையில் நின்றன. வேரூன்றும் காலத்தில் மரம் தன் முயற்சியை வெளியே காட்டுவதில்லை அன்றோ? அதன் பின்னரே அவை மெல்லத் தலை நிமிர்ந்தன. புறத்தே நின்ற மரம் காற்றைத் தாங்க, அதன் மறைவில் நின்ற மரம் சற்று உயர்ந்தது. அதன் மறைவில் அடுத்தது மேலும் உயர்ந்தது. மென்மையான மலர் மரங்களை நடுவதற்கு ஏற்ற காப்பு உண்டாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இருபது வயதில் கன்று நட்டவர், நாற்பது வயதில்தான் தாம் விரும்பிய மலரை அச்சமின்றி நட முடிந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அவர் காத்திருந்தார். ஆனால் வாளா இருந்தார் அல்லர். பாறை இடுக்குகளை நிரப்புவதற்கான மண்ணைத் தொலைவிலிருந்து கூடைகளில் சுமந்து வரச்செய்தார். கடற்கரைச் சரிவில் ஒரு காய்கறித் தோட்டம் அமைத்தபோது, அங்குக் கிடந்த கூழாங்கற்களை அகற்றி, அவ்விடத்தில் மண்ணை நிரப்பினார்.

பீட் மண் புளிப்புடையதாயினும், அதிலும் ஒரு குறை உண்டு. மழைநீரை அது கடற்பஞ்சுபோல் உறிஞ்சித் தேக்கிவைக்கும். அடியில் பாறை இருப்பின் நீர் வடிய வழியில்லை. ரோடோடென்ட்ரனின் வேர் ஈரத்தை விரும்பும். ஆனால் தேங்கிய நீரில் மூச்சுத் திணறி அழுகும். ஈரம் வேறு, தேக்கம் வேறு என்பதைத் தோட்டம் அமைப்போர் மறத்தல் கூடாது. இத்தகைய நிலத்தில் வடிகால் வெட்டியும், சரிவுகளில் நட்டும், சமநிலத்தில் மண்ணைச் சற்று மேடாகக் குவித்து அதன்மேல் நட்டும் வேரைக் காக்க வேண்டும். நடும்பொழுது ஆழமாகப் புதைத்தலும் தவறு. நாற்றங்காலில் எந்த அளவு மண்ணில் இருந்ததோ அந்த அளவே நடுதல் முறை. அதன் பின்னர், அடிமரத்தைத் தொடாதவாறு, வேர்ப்பரப்பின்மேல் இலைமக்கும் பைன் ஊசியிலைகளும் மூடாக்காக இடப்படும். மூடாக்கு மண்ணின் ஈரத்தைக் காக்கும். வெப்பத்தையும் உறைபனியையும் தணிக்கும். நாளடைவில் மக்கி உணவாகும். வேர்கள் மேலோடியவை ஆதலின், செடியைச் சுற்றி மண்வெட்டியால் கொத்துதல் அறவே கூடாது.

கடற்கரைத் தோட்டத்திற்கு மற்றோர் இடரும் உண்டு. இமயத்தில் குளிர்காலம் முழுதும் குளிராகவே இருக்கும். பனிப்போர்வையின்கீழ்ச் செடி உறங்கும். இளவேனில் வந்த பின்னரே விழிக்கும். கடற்கரையிலோ குளிர்காலத்தின் இடையில் சில நாள்கள் இதமாக அமையும். அவ்விதத்தைக் கண்டு இளவேனில் வந்துவிட்டது என மயங்கி, அரும்புகள் முன்கூட்டியே நெகிழும். பின்னர் ஓரிரவு உறைபனி பெய்தால், அவ்வாண்டின் பூக்கள் அனைத்தும் பழுப்பாகிக் கருகிவிடும். உறைந்த அரும்பின்மேல் காலைக் கதிரவன் திடீரெனப் படின் கேடு மேலும் மிகும். ஆகவே, முன்கூட்டிப் பூக்கும் இனங்களைக் கிழக்கு வெயில் நேரே படாத இடத்தில், உயர்ந்த மரங்களின் மெல்லிய நிழலில் நடுதல் நன்று. குளிர்ந்த காற்று நீரைப்போலவே பள்ளம் நோக்கிப் பாயும். எனவே, பள்ளத்தைத் தவிர்த்துச் சரிவைத் தேர்தலும் அறிவுடைமையாகும்.

குளிர்காலத்தில் செடி நீரின்றி வாடும் என்று கூறின், மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அஃது உண்மை. மண்ணிலுள்ள நீர் உறைந்துவிடின், வேரால் அதனைப் பருக இயலாது. ரோடோடென்ட்ரனில் பல இனங்கள் ஆண்டு முழுதும் இலை உதிர்க்காதவை. வறண்ட காற்று அவ்விலைகளிலிருந்து நீரை ஓயாது கவர்ந்துகொண்டேயிருக்கும். வரவின்றிச் செலவு மட்டும் நடக்கும் இல்லம்போல், செடி வற்றிப்போகும். கடுங்குளிர் வந்தால் சில இனங்களின் இலைகள் கீழ்நோக்கித் தொங்கி, சுருட்டுப்போல் இறுகச் சுருண்டுகொள்ளும். வட அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் வளரும் இனம் ஒன்றில் இதனைத் தெளிவாகக் காணலாம். உறைந்த இலையின்மேல் கடும் ஒளி பட்டுப் பச்சையம் கெடாதவாறும், உறைந்த திசுக்கள் விரைந்து உருகாதவாறும் இச்சுருட்சி காக்கிறது என்பது ஆராய்ந்தோர் கருத்து. ஓடி ஒளிய இயலாத மரமும் தன்னைக் காக்கும் வழியைத் தன்னிடத்தே கொண்டுள்ளது. தோட்டக்காரர் செய்வதெல்லாம், குளிர்காலம் தொடங்குமுன் வேரில் ஈரம் குறையாது பார்த்துக்கொள்வதும், காற்றைத் தடுத்து உதவுவதுமே ஆகும்.

இவ்வாறு பல்லாண்டு உழைத்ததன் பயனாக, இன்வெர்யூ மேடு சோலையாயிற்று. இரண்டடிக்கு மேல் நீளும் இலைகளை உடைய சீனத்து ரோடோடென்ட்ரன் முதலாக, காற்றுக்கு மிக அஞ்சும் இனங்களும் பிற்காலத்தில் அங்கு இடம் பெற்றன. ஓஸ்குட் மெக்கன்சி 1921ஆம் ஆண்டில் தம் மலைநாட்டு வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டில் இயற்கை எய்தினார். அவர் கட்டிய வீடு 1914ஆம் ஆண்டிலேயே தீக்கு இரையாயிற்று. அவர் நட்ட மரங்களோ நிலைத்து நின்றன. அவர்தம் மகளார் மாரி சாயர் அம்மையார் தோட்டத்தைத் தந்தையின் வழியில் பேணினார். 1937ஆம் ஆண்டில் புதிய வீட்டையும் எழுப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது, உருசியாவிற்குப் பொருள் கொண்டு செல்லும் கப்பல்கள் அக்கடற்கழியில் கூடிப் புறப்பட்டன. ஒருபுறம் போர்க்கப்பல்கள் நிற்க, மறுபுறம் மலர்கள் பூத்த காட்சியை அக்கரை கண்டது. 1952ஆம் ஆண்டில் அம்மையார் அத்தோட்டத்தை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்; அடுத்த ஆண்டில் மறைந்தார். ஒரு குடும்பத்தின் உடைமையாக இருந்த சோலை, அன்றுமுதல் மக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் மறைக்கலாகாத ஒரு பிழையும் உண்டு. உள்வேலியாக அங்கு நடப்பெற்ற செடிகளுள் பான்டிக் ரோடோடென்ட்ரன் என்னும் இனமும் ஒன்று. கருங்கடற் பகுதியிலும் ஐபீரியத் தீபகற்பத்திலும் இயல்பாக வளரும் இவ்வினம், 1763ஆம் ஆண்டளவில் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. காற்றைத் தாங்கும், எளிதில் வளரும், ஊதாப் பூக்களால் அழகு செய்யும். ஆகவே, பலரும் இதனைத் தோட்டங்களிலும் காடுகளிலும் நட்டனர். ஈரமும் புளிப்பு மண்ணும் நிறைந்த மேற்குக் கரை இதற்கு மிகவும் இசைந்தது. ஒரு பெரிய புதர் ஓராண்டில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நுண்விதைகளைக் காற்றில் தூவ வல்லது. இலையில் நஞ்சு இருத்தலால் ஆடும் மானும் இதனை மேய்வதில்லை. அடர்ந்த நிழலால் தன் கீழ் வேறு செடியை முளைக்கவும் விடுவதில்லை. நட்டவர் எண்ணியதோ ஒரு வேலி. விளைந்ததோ நாட்டுக் காடுகளை விழுங்கும் பெரும்புதர். இன்று அந்நாட்டினர் பெரும்பொருள் செலவிட்டு இதனை வெட்டியும் வேரோடு களைந்தும் வருகின்றனர். ஒரு செடி நம் நிலத்தில் வாழுமா என்று கேட்பதோடு அமைதல் போதாது. அது வாழ்ந்தால் பிற உயிர்கள் வாழுமா என்றும் கேட்டல் வேண்டும் என்பதை இப்பிழை நமக்கு அறிவுறுத்துகிறது.

தோட்டம் ஒருமுறை செய்து முடிக்கும் பணியும் அன்று. அரணாக நின்ற மரமும் மூப்படையும், புயலில் சாயும். ஒரு மரம் விழுந்த இடைவெளி வழியே காற்றுப் புகுந்து, நூறாண்டு காத்த மலர் மரங்களை ஓரிரவில் சிதைத்துவிடும். எனவே, பழைய மரம் நிற்கும்பொழுதே அதன் அருகில் புதிய கன்றை நட்டு வளர்த்தல் வேண்டும். தந்தை நட்டதை மகள் காத்தார். மகள் காத்ததை மக்கள் காக்கின்றனர்.

ஓஸ்குட் மெக்கன்சி காற்றை நிறுத்தவில்லை, கடலை விலக்கவில்லை, மண்ணின் இயல்பையும் மாற்றவில்லை. கடல் தந்த ஈரத்தையும் மிதவெப்பத்தையும் ஏற்றுக்கொண்டு, அது தந்த காற்றையும் உப்பையும் மட்டும் மரங்களைக் கொண்டு தணித்தார். நன்மையை ஏற்றலும், தீமையைத் தணித்தலும், அதுவரை பொறுத்தலும் ஆகிய இம்மூன்றுமே அவர் கையாண்ட முறை. நம் பள்ளியின் வேலியோரத்தில் ஒரு கன்றை நடுவோரும், முதலில் அவ்விடத்தின் மண்ணையும் நீரையும் காற்றையும் உற்று நோக்குதல் வேண்டும். பூவை விரும்புவோர் பலர். பூப்பதற்கு முன் இருபது ஆண்டுகள் பைன் கன்றுகளைக் காத்திருப்போர் சிலரே. அச்சிலரால்தான் வெறும் பாறையும் சோலையாகிறது.

வினாக்கள்

1. ரோடோடென்ட்ரனுக்கு ஏற்ற மண் யாது? சுண்ணாம்பு மண்ணில் அதன் இலை மஞ்சள் நிறம் அடைவது ஏன்?
2. இன்வெர்யூவிற்குக் கடல் துணையாகவும் பகையாகவும் இருந்தவாற்றை விளக்குக.
3. காற்றைத் தடுப்பதற்குக் கற்சுவரினும் மரவேலி சிறந்தது என்பதற்குக் காரணம் கூறுக.
4. கடற்கரையில் குளிர்காலத்து இதமான நாள்கள் செடிக்குக் கேடு விளைப்பது எவ்வாறு?
5. பான்டிக் ரோடோடென்ட்ரனால் விளைந்த தீங்குகள் யாவை? அதனின்று நாம் அறியும் உண்மை யாது?
6. உங்கள் ஊரில் ஒரு மரக்கன்று நடத் தக்க இடம் ஒன்றைத் தேர்ந்து, அவ்விடத்தின் மண், நீர், காற்று ஆகியவற்றின் இயல்பை ஒரு பக்க அளவில் எழுதுக.